பறவைச் சத்தத்துக்குக்கூடப் பதிப்புரிமைப் புகார் வந்தது உண்மையா?

"பறவைச் சத்தம், வெறும் இரைச்சல், முந்நூறு ஆண்டுக்கு முந்தைய இசை என்று எதற்கும் பதிப்புரிமைப் புகார் வருவதாகச் செய்திகளில் படிக்கிறேன். இவை உண்மையா, யாராவது கட்டிவிட்ட கதையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்மைதான். எங்கள் வீட்டிலேயே நடந்தது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

என் அத்தைக்கு எழுபத்தொரு வயது. தஞ்சாவூர்ப் பக்கம் பாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வீணையைத் தன் அப்பாவிடம் கற்றவர். ஒரு தை மாதம், திருவையாற்றில் ஆராதனை நடந்துகொண்டிருந்த நேரத்தில், வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து தியாகராஜரின் 'எந்தரோ மகானுபாவுலு' கீர்த்தனையை வாசித்தார். பின்னணியில் விடாமல் சுருதி ஒலிக்கும் சுருதிப் பெட்டியை நாற்காலிமேல் வைத்துவிட்டு நான் கைப்பேசியில் பதிந்தேன். இரண்டாவது நிமிடத்தில் அடுத்த வீட்டுக் குக்கரின் விசில் கேட்கும். சரணத்தில் ஒரு காக்கை வந்து சேர்ந்துகொள்ளும். அப்படியே ஒரு காணொளித் தளத்தில் ஏற்றினோம். மறுநாள் காலை புகார் வந்தது: 41ஆவது நொடியிலிருந்து 1 நிமிடம் 53 நொடிவரை உள்ள இசை ஓர் ஒலிப்பதிவு நிறுவனத்துக்குச் சொந்தம். அதோடு, அத்தை மீட்டத் தொடங்குவதற்கு முன்னால் தங்க நகைக் கடன் விளம்பரம் ஒன்று ஓடியது. அந்த விளம்பரக் காசு அந்த நிறுவனத்துக்குப் போகும்.

அத்தை மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த அறிவிப்பை இரண்டு முறை படித்தார். "அவர்கள் வாசித்ததை நான் வாசிக்கவில்லையே, அப்பா சொல்லிக் கொடுத்ததைத்தானே வாசித்தேன்?" என்றார்.

சட்டமும் அதையேதான் சொல்கிறது. தியாகராஜர் மறைந்தது 1847இல். இந்தியாவில் ஒரு பாடலின் பதிப்புரிமை அதை இயற்றியவர் மறைந்த பிறகு 60 ஆண்டுவரைதான். அவருடைய கீர்த்தனைகளுக்கு இன்று யாரும் உரிமை கொண்டாட முடியாது. ஆனால் அதே கீர்த்தனையை ஒருவர் வாசித்து வெளியிட்ட ஒலிப்பதிவுக்குத் தனியாக உரிமை உண்டு. அதுவும் 60 ஆண்டு. அந்த நிறுவனத்திடம் இருந்தது அப்படி ஓர் ஒலிப்பதிவுதான். அதன்மேல் அவர்களுக்கு முழு உரிமை உண்டு, அதில் எனக்கு மறுப்பில்லை. அத்தையின் வீணைமேல், குக்கர் விசில் உட்பட, அவர்களுக்கு ஒரு நூலளவு உரிமையும் கிடையாது.

பிறகு ஏன் இந்தக் குழப்பம்? பெரிய தளங்களில் புகாரை எழுப்புவது மனிதர் அல்லர், மென்பொருள். யூடியூப் 2007இலேயே இப்படி ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. உரிமையாளர்கள் தங்கள் ஒலிப்பதிவுகளை முன்கூட்டியே அதில் சேர்த்துவிடுவார்கள். புதிதாக ஏறும் ஒவ்வொன்றையும் மென்பொருள் அவற்றோடு ஒப்பிடும். பொதுவாக இத்தகைய மென்பொருள்கள் ஒலியைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, எந்த நொடியில் எந்தச் சுருதி ஓங்கி நிற்கிறது என்று குறித்துக்கொள்ளும். அந்தக் குறிப்புகள்தாம் ஒலியின் கைரேகை. ரேகை பொருந்தினால் புகார் தானாகவே போய்விடும்.

நம் சங்கீதத்தில் இது எங்கே இடிக்கிறது என்று பாருங்கள். ஒரே குருபரம்பரையில் வந்த இருவர் ஒரு பல்லவியை வாசித்தால் சங்கதிகள், அதாவது ஒரே வரியை மாற்றி மாற்றி வாசிக்கும் விதங்கள், வரிசை மாறாமல் அப்படியே வரும். அதற்குத்தான் பாடாந்தரம் என்று பெயர். சொல்லிக் கொடுத்ததைப் பிசகாமல் வாசிப்பது நமக்குப் பெருமை. மென்பொருளுக்கு அதுதான் திருட்டின் அடையாளம். போதாக்குறைக்குப் பின்னால் சுருதிப் பெட்டி வேறு. ஊரெல்லாம் ஒரே மாதிரிப் பெட்டி, ஒரே மாதிரி நாதம். எங்கள் பதிவில் மாட்டிய அந்த 72 நொடி முழுக்கப் பல்லவிச் சங்கதிகள்தாம் என்பதால், இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இனி நீங்கள் கேட்ட செய்திகள். பறவைச் சத்தம் 2012இல் நடந்தது. ஒருவர் காட்டுக் கீரை பறிப்பதைப் படம்பிடித்து யூடியூபில் ஏற்றினார். பின்னணியில் பறவைகளின் குரல் மட்டும்தான், இசையே இல்லை. அந்தக் குரல் தங்கள் வாடிக்கையாளரின் இசை என்று ரம்பிள்ஃபிஷ் என்ற நிறுவனத்தின் பெயரில் புகார் வந்தது. அவர் மறுத்த பிறகும் முதலில் புகாரை உறுதிசெய்தார்கள். விஷயம் இணையமெங்கும் பரவியபின்தான் நிறுவனம் தவறை ஒப்புக்கொண்டது.

அதே ஆண்டு ஆகஸ்டில் நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாயில் இறங்கியது. அமெரிக்க அரசின் பணியில் உருவாகும் படைப்புகளுக்கு அந்நாட்டில் பதிப்புரிமையே கிடையாது, எல்லாம் பொதுச்சொத்து. செய்தி நிறுவனம் ஒன்று நாசாவின் காட்சியைத் தன் செய்தியில் பயன்படுத்தியது. மென்பொருளோ அந்தக் காட்சி செய்தி நிறுவனத்துக்குச் சொந்தம் என்று எடுத்துக்கொண்டு நாசாவின் சொந்தக் காணொளியைச் சில மணி நேரம் முடக்கிவிட்டது. செவ்வாய்வரை போய் இறங்கியவர்களுக்கே அந்தக் கதி என்றால் என் அத்தை எம்மாத்திரம்!

2018இல் இரண்டு. ஆஸ்திரேலிய இசைக் கலைஞர் செபாஸ்டியன் டோம்சாக் பத்து மணி நேர வெண் இரைச்சலைத் தாமே உருவாக்கி ஏற்றியிருந்தார். பழைய தொலைக்காட்சியில் ஒளிபரப்பு நின்றால் 'உஷ்' என்று வருமே, அதே சத்தம். அதற்கு ஐந்து புகார்கள் வந்தன! அதே ஆண்டு பிரிட்டிஷ் பியானோ கலைஞர் ஜேம்ஸ் ரோட்ஸ் பழைய ஜெர்மன் இசை மேதை பாக் இயற்றியதைத் தாம் வாசித்துப் பேஸ்புக்கில் போட்டார். அதில் 47 நொடி சோனி மியூசிக்குக்குச் சொந்தம் என்று முடக்கினார்கள். பாக் மறைந்தது 1750இல். அத்தையிடம் இதைச் சொன்னபோது, தியாகராஜருக்கு நேர்ந்தது அவருக்கும் நேர்ந்ததா என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

வெண் இரைச்சலைக் கேட்டுச் சிரித்த என்னால் அடுத்த கணக்கைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை. 2021இன் முதல் ஆறு மாதத்தில் மட்டும் இந்தத் தானியங்கி முறையில் எழுந்த புகார்கள் 72 கோடிக்கும் மேல் என்று யூடியூபே அறிக்கை வெளியிட்டது. மறுத்து வாதாடியவர்கள் நூற்றில் ஒருவர்கூட இல்லை. அப்படி மறுத்தவற்றில் சுமார் 60 விழுக்காடு, அதாவது 22 லட்சம், ஏற்றியவருக்குச் சாதகமாக முடிந்தன. மறுக்காமல் விட்டவற்றில் எத்தனை பாட்டு வாத்தியார்கள், எத்தனை பஜனைக் குழுக்கள் இருந்திருப்பார்கள்? மறுப்புப் படிவத்திலேயே, பொய்யாக மறுத்தால் கணக்கு நீக்கப்படலாம் என்று எச்சரிக்கை இருக்கிறது. அதைப் படித்தாலே பாதிப்பேர் பயந்து விட்டுவிடுவார்கள். பொய்ப் புகாரால் புகார் சொன்னவருக்குப் பெரும்பாலும் எந்த நட்டமும் இல்லை. இந்த ஏற்றத்தாழ்வுதான் என்னைக் கோபப்படுத்துகிறது. தியாகராஜர் கீர்த்தனை எல்லோருக்கும் பொது. ஆனால் அதன் சார்பில் மறுப்புப் படிவம் நிரப்ப ஆள் இல்லை. பொதுச்சொத்தின் மேல் திரும்பத் திரும்பப் புகார் எழுப்பும் நிறுவனத்திடமிருந்து இந்தத் தானியங்கிப் புகார் வசதியையே பறிக்க வேண்டும் என்பது என் கருத்து.

உங்களுக்கு இப்படி வந்தால் பதிவை அழித்துவிடாதீர்கள். பாடல் யாருடையது, அவர் மறைந்த ஆண்டு எது, வாசித்தது யார், பதிந்தது யார் என்று நான்கு வரியில் எழுதி மறுப்பை அனுப்புங்கள். யூடியூபில் எதிர்த்தரப்புக்கு 30 நாள் அவகாசம். அவர்கள் வாய் திறக்காவிட்டால் புகார் தானே விழுந்துவிடும். எங்கள் மறுப்பை அனுப்பிய இருபத்து மூன்றாம் நாள் புகார் விலக்கிக்கொள்ளப்பட்டது. மன்னிப்பு என்று ஒரு சொல் இல்லை. (இன்னொன்று: இதைப் பலர் காப்புரிமை என்று எழுதுகிறார்கள். காப்புரிமை கண்டுபிடிப்புகளுக்கு உரியது. பாட்டுக்கும் எழுத்துக்கும் உரியது பதிப்புரிமை. படிவத்தில் எழுதும்போது மாற்றி எழுதிவிடாதீர்கள்.)

அத்தை பரணிலிருந்து தாத்தாவின் பழைய தம்புராவை இறக்கச் சொல்லி, தந்தி மாற்றி வைத்திருக்கிறார். சுருதிப் பெட்டிக்கு ஓய்வு. அடுத்து பாபநாசம் சிவன் கீர்த்தனை ஒன்றைப் பதிய வேண்டும் என்று அவருக்கு ஆசை. சிவன் மறைந்தது 1973இல். அப்படியானால் 2033 முடியும்வரை அவர் பாடல்களுக்கு உரிமை உண்டு என்று நான் சொன்னேன். "அப்படியானால் கேட்டுவிட்டே வாசிக்கலாம்" என்றார். அந்த உரிமை இப்போது யாரிடம் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.