முறிகண்டியில் அடம்பிடிக்கும் கார்

கேள்வி: அண்ணை, அப்பா விட்டுப்போன 1999ஆம் ஆண்டு ஜப்பான் கார் எங்களிடம் இருக்கிறது. மாதம் இரண்டு தடவை அம்மாவைக் கிளிநொச்சிக்குக் கிளினிக் கூட்டிப் போவேன். முறிகண்டி வரை ஒரு குறையும் இல்லை. பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டு பத்து நிமிடத்தில் வந்து திறப்பைத் திருகினால் எஞ்சின் சுற்றுகிறது, பற்றவில்லை. அரை மணித்தியாலம் மரத்தடியில் இருந்தால் தானாக ஸ்ராட் வருகிறது. போன மாதம் மாங்குளம் தாண்டி ஓடும்போதே நின்றுவிட்டது. பிளக், பற்றரி, பெற்றோல் பம்ப் மூன்றும் மாற்றியாயிற்று. ஸ்கானரில் ஒன்றும் காட்டவில்லையாம். தேங்காய் உடைக்காததுதான் காரணம் என்கிறார் அம்மா.
— ஓர் ஆசிரியை, கனகராயன்குளம்

பதில்: தேங்காயை உடையுங்கள் தங்கச்சி, அதில் நட்டமில்லை. ஆனால் பிள்ளையார் செய்கிற ஒரே குற்றம், உங்கள் காரைப் பத்து நிமிடம் நிற்க வைப்பதுதான். ஓடும்போது காற்று அடிக்கும், ரேடியேற்றர் தண்ணீர் சுற்றும். எஞ்சினை நிறுத்தியதும் இரண்டும் நின்றுபோய், சூடு முழுவதும் பொனட்டுக்குக் கீழே தேங்கும். ஓடும்போது இருந்ததைவிட அந்தப் பத்து நிமிடத்தில்தான் அங்கே வெக்கை கூட. சூட்டில் செத்து ஆறினால் உயிர்க்கிற சாமான் என்றால் எனக்கு முதலில் கிராங்க் சென்சர் மேல்தான் சந்தேகம்.

விரல் அளவுச் சாமான். எஞ்சினின் கிராங்க் தண்டோடு சுற்றும் சக்கரத்தின் பற்கள் தன் முன்னால் போவதைப் பார்த்துக் காரின் கம்பியூட்டருக்குச் சொல்லும். அது சொல்லாவிட்டால் எஞ்சின் சுற்றுவதே கம்பியூட்டருக்குத் தெரியாது. பிளக்குக்கு நெருப்பும் கிடையாது, பெற்றோலும் கிடையாது. இரண்டு வயர் ரகத்தில் உள்ளே மயிர் மாதிரிச் செப்புக்கம்பிச் சுருள். வருடக்கணக்கில் சூடேறி ஆறி அது எங்கேயோ விண்டிருக்கும். சூட்டில் விரிந்தால் வாய் திறக்கும், ஆறினால் திரும்ப ஒட்டும்.

பம்ப்பை ஏன் மாற்றினார்கள் என்றும் விளங்குகிறது. ஸ்ராட் வராத நேரம் அதன் சத்தம் கேட்டிருக்காது. பல கார்களில் திறப்பைத் திருகியதும் பம்ப் ஒன்றிரண்டு செக்கன் ஓடி நின்றுவிடும். எஞ்சின் சுற்றுகிறது என்ற சேதி வந்தால்தான் மறுபடி ஓடும். சென்சர் வாய் மூடியதால் பம்ப்பும் வாய் மூடியது, பழி பம்ப்பில் விழுந்தது. ஸ்கானர் கதையும் அப்படித்தான். ஸ்கானர் செருகுவதற்கு ஒரே மாதிரியான சொக்கற்றை அமெரிக்கா 1996இலும், பெற்றோல் கார்களுக்கு ஐரோப்பா 2001இலும் கட்டாயமாக்கின. ஜப்பானுக்குள் விற்கச் செய்த அந்தக் காலக் கார்கள் பலதும் தங்கள் தங்கள் பாஷையில்தான் பேசும். சொக்கற் பொருந்தினாலும் நம்மூர் ஸ்கானருக்கு விளங்காது.

கராஜுக்கு வந்தால் இந்தக் கார் நல்ல பிள்ளை. ஆகவே அடம்பிடிக்கும் இடத்திலேயே பிடிக்க வேண்டும். ஒரு போத்தல் தண்ணீரும் பழந்துணியும் காரில் வையுங்கள். ஸ்ராட் வராதபோது, எஞ்சினைச் சுற்றவிட்டு ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். கொஞ்சமாவது எழும்ப வேண்டும். செத்த பாம்பாகக் கிடந்தால் சந்தேகம் வலுக்கிறது. சில கார்களில் முள் நல்ல நாளிலும் அசையாது, அதனால் வீட்டில் ஒரு தடவை பார்த்து வையுங்கள். அப்புறம் திறப்பைக் கழற்றிவிட்டு, ஈரத்துணியைச் சென்சர் மேல் வைத்து எடுங்கள். அது பெல்ட் பக்கம் இருக்கலாம், கியர்பொக்ஸ் பக்கமும் இருக்கலாம். இடத்தை முதலே மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள், கைக்கு எட்டாவிட்டால் விட்டுவிடுங்கள். எஞ்சினில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். அரை மணித்தியாலம் கேட்கிற கார் மூன்று நிமிடத்தில் ஸ்ராட் வந்தால் கள்ளன் அகப்பட்டான்.

அப்போதும் உடனே சென்சர் வாங்க ஓடாதீர்கள். வட்டக்கச்சியிலிருந்து ஒரு நெல் வியாபாரியின் வான் இதே வருத்தத்தோடு வந்தது. புதுச் சென்சர் போட்டேன், காசும் வாங்கினேன். எட்டாம் நாள் கயிறு கட்டி இழுத்து வந்தார். சென்சரின் வயர் சொக்கற்றைப் பிரித்து ரோர்ச் அடித்தால், ஒரு பின்னில் பச்சைக் களிம்பு. அது நுழையும் துவாரமும் தளர்ந்துபோய் ஆடியது. ஐந்து நிமிட வேலை. சென்சர் காசைத் திருப்பிக் கொடுத்தேன். கூலியை அவர் கேட்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. எஞ்சின் ஓடும்போது அந்தச் சொக்கற்றுக்குப் பக்கத்து வயரை மெல்ல ஆட்டச் சொல்லுங்கள் மெக்கானிக்கிடம்; எஞ்சின் தடுமாறினால் கோளாறு அங்கேதான். நம் பக்கத்தில் வயலோரம் நிற்கும் கார் என்றால் எலி கடித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

வயர் சரி என்றால் சென்சரைக் கழற்றி மல்ரிமீற்றரில் மின்தடையை (ஓம்ஸ்) பார்த்துக்கொண்டே தலைமுடி காய வைக்கும் டிரையரால் சூடாக்கட்டும். எண் மெதுவாக ஏறினால் அது இயல்பு. திடீரென்று எண்ணே இல்லாமல் போனால் எறிந்துவிடலாம். மூன்று வயர் ரகத்துக்கு இந்தச் சோதனை சரிவராது. கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் பழைய சென்சர் மலிவாகக் கிடைக்கும் என்பார்கள். அதுவும் இருபது வருடச் சூடு கண்டதுதான்; சேசி நம்பரைக் கொடுத்துப் புதிதாக வாங்குங்கள்.

தொண்ணூறுகளில் சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் எடுத்து மண்ணெண்ணெயில் ஓடிய பழைய கார்களில் இந்தச் சென்சரே இல்லை, அதனால் இந்த வருத்தமே வந்ததில்லை. வேறு நூறு வருத்தம் இருந்தது, அது வேறு.

சரி, இது தீரும்வரை அம்மாவைப் பஸ்ஸில் கூட்டிப் போங்கள். ஓடும்போது எஞ்சின் நின்றால் ஸ்ரியரிங் இறுகும், பிரேக் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு கல்லாகிவிடும். ஏ9 வீதியில் உங்களுக்குப் பின்னால் வருகிற கொழும்பு பஸ்காரருக்கு அது தெரியாது.