வெளிநாட்டு உதவிப் பணம் பவானித் தறிக்கு வருமா?

கேள்வி: பவானி பக்கம் எட்டுத் தறி போட்டு ஜமக்காளம் நெய்கிறோம். கரூர் எக்ஸ்போர்ட்டர் ஒருவருக்கு எப்போதாவது சரக்குக் கொடுப்பதோடு சரி. சிறு தொழில்கள் நேரடியாக ஏற்றுமதி செய்ய வெளிநாட்டு உதவி நிதி 10 லட்சம் வரை கிடைக்கும், பதிவுக் கட்டணம் 25,000 ரூபாய் கட்ட வேண்டும் என்கிறார் ஒருவர். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். நிஜமான உதவித் திட்டம் எதுவும் ஆள் அனுப்பி முன்பணம் வசூலிப்பதில்லை. ஆனால் அப்படி ஓர் உதவியே கிடையாதா என்றால், உண்டு. அது ரொக்கமாக உங்கள் கணக்கில் ஏறுவதுதான் அபூர்வம்.

பக்கத்துத் திருப்பூரையே பாருங்கள். 1990களில் பனியன் ஏற்றுமதி கிடுகிடுவென ஏறியபோது தண்ணீர்தான் பெரிய முட்டுக்கட்டை. ஊருக்கும் சாயப்பட்டறைகளுக்கும் குழாயில் தண்ணீர் கொண்டுவந்த பெரிய திட்டத்தின் தயாரிப்பிலும் கடன் உத்தரவாதத்திலும் அமெரிக்க உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் கைகொடுத்தது. எந்த பனியன் கம்பெனிக்கும் அதற்காக யாரும் செக் எழுதித் தரவில்லை. இன்று அந்த அமைப்பே இல்லை; 2025 ஜூலையோடு தனி அமைப்பாக இயங்குவது நின்றுவிட்டது. உங்களிடம் வந்தவர் அந்தப் பெயரைச் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

உங்கள் தொழிலுக்கு ஆக நெருக்கமான உதாரணம் எகிப்தில் இருக்கிறது. நைல் டெல்டாவில் ஃபுவா என்ற ஊர், தட்டையாக நெய்யும் விரிப்புகளுக்குப் பேர் போனது. பருத்திப் பாவு (நீள நூல்), கம்பளி ஊடை (குறுக்கு நூல்), பெரும்பாலும் ஒற்றை ஆள் தொழில். யுஎஸ்எய்ட் பணம் பெற்ற ஒரு தொண்டு நிறுவனம் அங்கே போய், தறிக்காரர்களுக்கு மானியம் கொடுக்காமல், ஹமீஸ் கார்பெட்ஸ் என்ற உள்ளூர் கம்பெனியோடு சேர்ந்து வெளிநாட்டுப் பையர்களைத் தேடியது. வந்த ஆர்டரைக் குலுக்கல் முறையில் சில தறிக்காரர்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். டேவிட் அட்கின், அமித் கண்டேல்வால், ஆடம் உஸ்மான் என்ற மூன்று பொருளியலாளர்கள் கூடவே இருந்து கணக்கெடுத்து, 2017இல் முடிவை வெளியிட்டார்கள்.

ஆர்டர் கிடைத்தவர்களின் லாபம் 16 முதல் 26 சதவீதம் வரை கூடியிருந்தது. வேடிக்கை என்னவென்றால், மணிக்கு எவ்வளவு நெய்கிறார்கள் என்று பார்த்தால் குறைந்திருந்தது. மூலை கோணாமல், ஊடை நெருக்கமாக, சொன்ன எடைக்கு நெய்யச் சொன்னால் நேரம் பிடிக்கத்தானே செய்யும். அப்புறம் எல்லோரையும் ஒரே தறியில், ஒரே நூலில் உள்ளூர் விரிப்பை நெய்யச் சொல்லிப் பார்த்தார்கள். ஏற்றுமதி ஆர்டர் பார்த்தவர்கள் மற்றவர்களைவிட நயமாக நெய்தார்கள்; நேரம் கூடுதலாகவும் ஆகவில்லை. பையர் சொன்ன குறை, இடையில் இருந்த கம்பெனி வழியாகத் தறிவரை வந்து சேர்ந்ததால் கைக்கு ஏறிய பழக்கம் அது. என்னைக் கேட்டால் உதவியில் உருப்படியான பங்கு இதுதான்.

பணமாகக் கொடுத்த இடத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. துனிசியாவில் உலக வங்கி ஆதரவோடு ஃபேமெக்ஸ் என்ற திட்டத்தில், புதுச் சந்தை தேடும் செலவில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் ஏற்றுமதி நன்றாக ஏறியது. மூன்று வருடம் கழித்துப் பார்த்தால், உதவி வாங்காத நிறுவனங்களைவிட வேகமாக வளர்ந்ததாகச் சொல்ல முடியவில்லை.

இப்போது உங்களுக்குக் கைக்கெட்டுவது தகவல். நெதர்லாந்து அரசின் இறக்குமதி மேம்பாட்டு அமைப்பான சிபிஐ (நம்மூர் சிபிஐ இல்லை, பயப்பட வேண்டாம்) 1971 முதல் வளரும் நாடுகளின் சிறு ஏற்றுமதியாளர்களுக்காக இயங்குகிறது. வீட்டு ஜவுளிக்கு ஐரோப்பாவில் என்ன விதிமுறை, எந்த நாட்டில் எது ஓடுகிறது என்று அவர்கள் எழுதும் சந்தை அறிக்கைகள் இணையத்தில் இலவசம். ஜெனீவாவில் இருக்கும் பன்னாட்டு வர்த்தக மையத்தின் (ஐடிசி) டிரேட் மேப் என்ற இணையதளத்தில், நெய்த விரிப்புக்கான சரக்குக் குறியீடு 5702 என்று போட்டால், எந்த நாட்டுக்கு எவ்வளவு போகிறது என்று வரும். ஆங்கிலம் சிரமம் என்றால் காலேஜ் படிக்கிற பிள்ளையை ஒரு மாலை உட்கார வையுங்கள்.

நேரடி ஏற்றுமதிக்கு உடனே குதிக்க வேண்டாம் என்பேன். ஃபுவாக்காரர்களுக்கு ஹமீஸ் எப்படியோ, உங்களுக்கு அந்தக் கரூர் எக்ஸ்போர்ட்டர் அப்படி. அடுத்த முறை விலை பேசுவதோடு நிற்காமல், பையர் அனுப்பிய ஸ்பெக் ஷீட்டை (தர விவரத் தாள்) கேளுங்கள். அளவில் எத்தனை சென்டிமீட்டர் வரை கூடலாம் குறையலாம், சலவைக்குப் பின் எவ்வளவு சுருங்கலாம், சாயம் போகாமல் எந்தத் தரத்துக்கு நிற்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். திருப்பி அனுப்பிய சரக்கு இருந்தால் அதையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். எங்கே தவறுகிறோம் என்று அதுவே காட்டிக் கொடுக்கும். சில ஆசோ சாயங்களுக்கு ஐரோப்பாவில் தடை இருக்கிறது: அவற்றிலிருந்து வெளிவரும் அமீன்கள் என்ற தீங்கான வேதிப்பொருள்கள் துணியில் கிலோவுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சாயப்பட்டறைக்காரரிடம் வாய்ச்சொல் போதாது, லேப் சோதனை அறிக்கை கேளுங்கள்.

காகித வேலை நீங்கள் நினைக்கிற அளவு பெரிதில்லை. ஏற்றுமதி இறக்குமதிக்கான ஐஇசி எண்ணை, மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் (டிஜிஎஃப்டி) தளத்தில் நீங்களே 500 ரூபாய்க்கு எடுக்கலாம். வருடா வருடம் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் அதை உறுதி செய்ய மறக்காதீர்கள். ஜிஎஸ்டியில் எல்யுடி என்ற உறுதிமொழிக் கடிதம் போட்டுவிட்டால் வரி கட்டாமலே சரக்கை அனுப்பலாம். சென்னையில் இருக்கும் கைத்தறி ஏற்றுமதி மேம்பாட்டுக் கவுன்சிலில் உறுப்பினரானால் வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்குக் குழுவாகப் போக வழி உண்டு. ஜனவரிதோறும் ஃபிராங்க்ஃபர்ட்டில் நடக்கும் ஹெய்ம்டெக்ஸ்டில் என்ற வீட்டு ஜவுளிக் கண்காட்சி கரூர்க்காரர்களுக்குப் பழகிய இடம்தான். முதல் முறை ஸ்டால் போடாமல், யார் என்ன வாங்குகிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்தாலே போதும்.

நேரடியாக ஒரு பையர் அமைந்துவிட்டால், முதல் ஆர்டரைச் சின்னதாக வாங்குங்கள். முன்பணம் அல்லது எல்சி (பையரின் வங்கி பணத்துக்குப் பொறுப்பேற்கும் கடிதம்) இல்லாமல் கண்டெய்னர் ஏற்ற வேண்டாம். கடனுக்குத்தான் கேட்கிறார் என்றால், சரக்கு கிளம்பும் முன்பே, ஏற்றுமதிக் கடனுக்குக் காப்பீடு தரும் மத்திய அரசு நிறுவனமான ஈசிஜிசியில் பாலிசி எடுத்துவிடுங்கள். பையர் பணம் தராமல் போனால் இழப்பில் பெரும்பங்கு அதில் திரும்பி வரும். கிளம்பிய பிறகு கேட்டால் பாலிசி கிடைக்காது.