விமானந்தாங்கிக் கப்பலின் ஓடுதளம் ஏன் கோணலாக இருக்கிறது? மேலே உள்ள கட்டடம் ஏன் ஓரத்தில் நிற்கிறது?

முதலில் கோணலைப் பார்த்துவிடலாம். கட்டடத்தின் கதை சின்னது, அப்புறம் வருகிறேன்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தக் கப்பல்களின் தளம் நேராகத்தான் இருந்தது. பின்பக்கம் விமானம் இறங்கும், ஏற்கெனவே இறங்கியவை முன்பக்கம் நிற்கும், நடுவில் குறுக்கே ஒரு கம்பித் தடுப்பு. வாலில் இருக்கும் கொக்கி, விமானத்தை நிறுத்தத் தளத்தின் குறுக்கே கட்டிய எஃகு வடத்தில் மாட்டவில்லை என்றால் தடுப்பில் போய் மோத வேண்டியதுதான். அதையும் தாண்டினால், நிறுத்தி வைத்த விமானங்கள் மேல். ஜெட் விமானங்கள் வந்தபோது எடையும் வேகமும் கூடி, இந்த ஏற்பாடு தாங்காது என்று ஆகிவிட்டது.

1951-ல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி டென்னிஸ் காம்பெல் ஒரு யோசனை சொன்னார்: இறங்கும் பாதையைச் சில டிகிரி இடப்பக்கம் திருப்பிவிடுங்கள். மறு ஆண்டு டிரையம்ஃப் என்ற கப்பலில் வெறும் பெயிண்டால் கோணலாகக் கோடு போட்டு, விமானங்கள் சக்கரத்தைத் தொட்டுவிட்டு எழும்பிப் பார்த்தன. தளத்தையே அதற்கேற்ப நீட்டிக் கட்டியது முதலில் அமெரிக்காவின் ஆன்டீட்டம் கப்பலில். பெரிய இயந்திரம் எதுவும் இல்லாமல் இவ்வளவு உயிர்களைக் காப்பாற்றிய யோசனை கப்பல் கட்டும் தொழிலில் வேறு இருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

இப்போது இறங்குவதைக் கவனியுங்கள். சக்கரம் தளத்தைத் தொட்டதும் பைலட் வேகத்தைக் குறைப்பதில்லை, இன்ஜினை முழு சக்திக்குத் தள்ளுகிறார்! கொக்கி மாட்டாவிட்டால் அப்படியே பறந்துபோய்ச் சுற்றி வர வேண்டும். கோணல் பாதையின் முன்னால் கடல் மட்டும்தான். இதில் ஒரு தொல்லையும் உண்டு. கப்பல் நேராக முன்னே போவதால், கோணலான பாதை பைலட்டின் பார்வையில் வலப்பக்கம் நகர்ந்துகொண்டே இருக்கும். கடைசி நொடி வரை அவர் திருத்திக்கொண்டே வர வேண்டும்.

கொக்கி பிடிக்கும் எஃகு வடம் தளத்தில் ஒட்டிக் கிடக்காது. வில்லாக வளைந்த பட்டைகள் அதைச் சில அங்குலம் தூக்கிப் பிடித்திருக்கும். வடத்தின் இரு முனைகளும் தளத்துக்குக் கீழே கப்பிகள் வழியாக ஒரு பிஸ்டன் இயந்திரத்துக்குப் போகின்றன. விமானம் இழுக்க இழுக்க பிஸ்டன் திரவத்தைக் குறுகிய வால்வு வழியே தள்ளும். வேகத்தைத் தின்பது அந்த நெருக்கடிதான். வரும் விமானத்தின் எடைக்கேற்ப வால்வை முன்கூட்டியே மாற்றி வைக்க வேண்டும். 2016 மார்ச்சில் அமெரிக்காவின் ஐசனோவர் கப்பலில் ஒரு வடம் அறுந்து, எட்டுப் பேர் காயமடைந்தார்கள். இறங்க வந்த ஹாக்ஐ என்ற ரேடார் விமானம் தள விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்கி, தண்ணீரைத் தொடாமல் மேலெழுந்துவிட்டது.

கோணலால் இன்னொரு லாபம், முன்பக்கம் காலியாகக் கிடைத்தது. சுமார் 333 மீட்டர் நீளமுள்ள அமெரிக்காவின் நிமிட்ஸ் வகைக் கப்பல்களில் நான்கு நீராவி கேட்டபுல்ட்கள், அதாவது விமானத்தை எறியும் கருவிகள்: முகப்பில் இரண்டு, கோணல் பாதையில் இரண்டு. நிற்கும் விமானத்தை இரண்டு, மூன்று நொடியில் மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்துக்கு எறிந்துவிடும். புதிய ஃபோர்டு வகையில் நீராவிக்குப் பதில் மின்காந்தம். 2022-ல் சேவைக்கு வந்த நம் ஐஎன்எஸ் விக்ராந்த்தில் கேட்டபுல்ட் இல்லை, முகப்பு மேல்நோக்கி வளைந்திருக்கும். பராமரிப்பு குறைவு, ஆனால் எரிபொருளையும் ஆயுதத்தையும் முழுச் சுமையாக ஏற்றிக்கொண்டு கிளம்ப முடியாது.

விமானங்களைக் கீழிருந்து தளத்துக்கு ஏற்றி இறக்கும் லிஃப்ட் விஷயமும் இப்படித்தான். பழைய கப்பல்களில் அது தளத்தின் நடுவில் இருந்தது. பாதியில் சிக்கிக்கொண்டால் ஓடுபாதையில் பெரிய ஓட்டை. அதனால் ஓரத்துக்குப் போய்விட்டது.

சரி, கட்டடம். ரேடார், மாலுமி மேடை, விமானங்களைக் கட்டுப்படுத்தும் அறை எல்லாம் அதில்தான். நடுவில் வைத்தால் விமானம் எங்கே ஓடும்? வலப்பக்கம் வைத்ததற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம், ஆரம்பகால புரொப்பெல்லர் விமானங்கள் இடப்பக்கம் எளிதாகத் திரும்பும் என்பது. ஜப்பானின் அகாகி, ஹிர்யூ இரண்டிலும் இடப்பக்கம் வைத்துப் பார்த்தார்கள், அந்த வழக்கம் நிலைக்கவில்லை. கோணல் பாதை இடப்பக்கம் வந்தபிறகு மாற்றவும் வழியில்லை. ஃபோர்டில் கட்டடத்தைச் சிறிதாக்கி இன்னும் பின்னால் தள்ளிவிட்டார்கள், விமானங்களுக்கு எரிபொருளும் குண்டும் ஏற்ற இடம் வேண்டுமே.