ரயில் பயணிகள் கூடினால் பொருளாதாரம் வளர்கிறதா?

கேள்வி: ரயில் பயணிகளின் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிடக் கூடியிருப்பதால் பொருளாதாரம் மீண்டுவிட்டது என்று செய்திகளில் எழுதுகிறார்கள். இந்த எண்ணிக்கையைக் கொண்டு ஒரு நாட்டின் பொருளாதார நிலையை மதிப்பிட முடியுமா?

பதில்: ஓரளவு முடியும். ஆனால் மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஏமாந்துபோகிறார்கள். அமெரிக்காவின் கணக்கே இதற்கு நல்ல சான்று. 1920-இல் அங்கே ரயில் பயணிகள் கடந்த மொத்தத் தொலைவு ஏறத்தாழ 4,700 கோடி மைல். தொழில்துறை செழித்திருந்த அந்தப் பத்தாண்டின் முடிவில், 1929-இல், அது சுமார் 3,100 கோடியாகக் குறைந்திருந்தது. மக்கள் வறுமையில் வாடியதால் அல்ல, கார் வாங்கும் அளவுக்கு வசதி பெற்றதால் ரயிலை விட்டார்கள். அடுத்து வந்த பெருமந்தத்தில், 1933 வாக்கில், அது 1,600 கோடிக்கு விழுந்தது. இந்த முறை வேலையும் வருமானமும் போனதே முக்கியக் காரணம். வரைபடத்தில் இரண்டும் ஒரே மாதிரி இறங்கும் கோடுகள்தாம். ஒன்று வளத்தின் விளைவு, மற்றொன்று வறுமையின் விளைவு என்பதை அந்தக் கோடு நமக்குச் சொல்வதில்லை. 1944-இல் 9,500 கோடியைத் தாண்டிய உச்சத்துக்கோ, போர்க்காலப் படை நகர்வும் பெட்ரோல், டயர் ரேஷனும் காரணம்.

இந்தியாவிலும் 2012-13-இல் சுமார் 842 கோடியாக இருந்த பயணங்கள் 2015-16-இல் 811 கோடியாகக் குறைந்தன. அந்த ஆண்டுகள் அனைத்திலும் உள்நாட்டு உற்பத்தி வளர்ந்துகொண்டுதான் இருந்தது.

கேள்வி: அப்படியானால் இந்தக் கணக்கில் எதைக் கவனிப்பது பயன் தரும்?

பதில்: பயணங்களின் எண்ணிக்கையைவிட, அவை எவ்வகைப் பயணங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். 2018-19-இல் இந்திய ரயில்வேயில் பதிவான சுமார் 844 கோடிப் பயணங்களில் பாதிக்கு மேற்பட்டவை புறநகர் ரயில் பயணங்கள். ஆனால் பயணிகள் கடந்த தொலைவையும் சேர்த்து, பயணிகள்-கிலோமீட்டராகக் கணக்கிட்டால் அவற்றின் பங்கு ஏறக்குறைய எட்டில் ஒன்றுதான். ஆகவே ஒரு பெருநகரில் மெட்ரோ பாதை திறக்கப்பட்டு, புறநகர் ரயில் பயணிகள் அதற்கு மாறினாலே நாட்டின் மொத்த எண்ணிக்கை அசைந்துவிடும். மேலும், மாதாந்திர சீசன் டிக்கெட் வைத்திருப்பவரை யாரும் தினமும் எண்ணுவதில்லை. டிக்கெட் ஒன்றுக்கு மாதம் 50 பயணங்கள் என்று கணக்கில் எழுதிவிடுவதே வழக்கம். மாதத்தின் நடுவில் அவர் வேலை இழந்து வீட்டிலேயே இருந்தாலும் அவர் பெயரில் அந்த ஐம்பதும் பதிவாகியிருக்கும். அடுத்த மாதம் அவர் சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்கவில்லை என்பதில்தான் உண்மையான செய்தி இருக்கிறது. வேலைவாய்ப்பை அறிய விரும்புவோருக்குச் சீசன் டிக்கெட் விற்பனையும், மக்களின் செலவழிக்கும் தெம்பை அறிய விரும்புவோருக்குக் குளிர்சாதன வகுப்பு முன்பதிவும் மொத்த எண்ணிக்கையைவிட நம்பத்தக்கவை என்பது என் கருத்து. ஆனால் முன்பதிவிலும் ஒரு சிக்கல் உண்டு: எல்லா இடங்களும் நிரம்பிய பிறகு தேவை எவ்வளவு உயர்ந்தாலும் அது காத்திருப்போர் பட்டியலில்தான் தெரியும், பயணித்தவர் கணக்கில் தெரியாது.

கட்டணமும் கணக்கைத் திரிக்கும். ஜெர்மனியில் 2022 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மாதம் 9 யூரோவுக்கு டிக்கெட் வழங்கியபோது சுமார் 5.2 கோடி டிக்கெட்டுகள் விற்றன. விலைவாசி கடுமையாக ஏறிக்கொண்டிருந்த அந்தக் கோடையில் ரயில்கள் நிரம்பி வழிந்ததை வளர்ச்சி என்று எவரும் சொல்லவில்லை.

உற்பத்தியின் நிலையை அறியச் சரக்குப் போக்குவரத்தே மேல். பின்னாளில் சீனப் பிரதமரான லீ கெச்சியாங், 2007-இல் லியாவோனிங் மாகாணத்தின் கட்சித் தலைவராக இருந்தபோது, தாம் மின் நுகர்வையும் ரயில் சரக்கையும் வங்கிக் கடனையும் கவனிப்பதாக அமெரிக்கத் தூதரிடம் கூறினார். பயணிகள் எண்ணிக்கை அவர் பட்டியலில் இல்லை.

நீங்கள் படித்த செய்தியைப் பொறுத்தவரை, ஒப்பிடும் ஆண்டு எது என்று முதலில் பாருங்கள். ரயில்கள் பெருமளவு நிறுத்தப்பட்ட 2020-21-இல் இந்தியாவில் பயணங்கள் சுமார் 125 கோடிக்குச் சுருங்கின. அடுத்த ஆண்டு அவை சுமார் 350 கோடியாக உயர்ந்ததற்கு ரயில்களை மீண்டும் ஓட்டியதே போதுமான காரணம். 2023-24-இலும் எண்ணிக்கை 2018-19-இன் அளவை எட்டவில்லை. உள்நாட்டு உற்பத்தியோ அதற்கு முன்பே பழைய அளவைக் கடந்துவிட்டது.