பழைய ஆர்எக்ஸ் 100: கார்புரேட்டரைச் சரிசெய்வதா, மாற்றுவதா?

ராயபுரம் வீட்டில் பல வருடம் நின்ற அப்பாவின் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கில் பெட்ரோல் ஒழுகுகிறது, புது கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். பழைய மிக்குனி கம்பெனி கார்புரேட்டர் கைவசம் இருந்தால் அதைக் காப்பாற்றுவதே என் கட்சி.

ஒழுகலுக்குப் பெரும்பாலும் காரணம், கிண்ணத்தில் பெட்ரோல் நிறைந்ததும் வரத்தை நிறுத்தும் மிதவையும் ஊசி வால்வும்தான். அடிக்கிண்ணத்தைக் கழற்றி, மிதவையைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே சளசளவென்றால் ஓட்டை. ஊசியின் கூர்முனையில் நகத்தை ஓட்டுங்கள். வளையம் போலப் பள்ளம் தட்டினால் மாற்ற வேண்டும். ரிப்பேர் கிட் போதும். பெட்ரோல் பாயும் சிறு துளையுள்ள ஜெட்டைக் கிளீனர் ஸ்ப்ரே அடித்து ஊதுங்கள், கம்பியால் குத்தாதீர்கள். பித்தளைத் துளை அகலமாகிவிடும்.

சரி, எப்போது மாற்றுவது? ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் உள்ளே ஏறி இறங்கும் ஸ்லைடு ஆட்டம் கண்டு கடகடத்தால், அல்லது கடற்காற்றில் உடம்பே பொரிந்து மரை போயிருந்தால். தேய்ந்த இடைவெளியில் காற்று புகுந்தால் கலவை மெலியும், அதாவது காற்று கூடி பெட்ரோல் குறையும். இது போன்ற டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் அதனால் சூடேறி பிஸ்டனே இறுகி நின்றுவிடும். காசிமேட்டு உப்புக்காற்றில் நின்ற ஒன்றை நானும் அப்படித்தான் கைவிட்டேன். மலிவு டூப்ளிகேட் மட்டும் வேண்டாம், ஐடில் (ஆக்ஸிலரேட்டரைத் திருகாமல் எஞ்சின் ஓடுவது) நிற்கவே நிற்காது.

அப்புறம், டேங்கில் தேங்கிய பழைய பெட்ரோலை முதலில் வடித்துவிடுங்கள்.