ஆற்றுக்கு ஓர் எல்லை: வாசகர் கேள்வி – பதில்

பால்டிக் கடலோர நாடான லாட்வியா தன் ஆறுகளை நிர்வகிக்கும் முறை பற்றிச் சென்ற இதழில் வெளியான குறிப்பைப் படித்துவிட்டுச் சேலம் மாவட்ட வாசகர்கள் பலர் எழுதியிருந்தார்கள். ஒரே பொருளைப் பலரும் கேட்டிருந்ததால், கேள்விகள் சில சேர்த்துச் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: மாவட்டம், வட்டம் என்று எல்லைகள் இருக்கும்போது, ஆற்றுக்கு ஆறு தனி எல்லை வகுப்பதால் என்ன பயன்? லாட்வியா அதை எவ்வாறு செய்தது? (வாசகர், அம்மாப்பேட்டை)

பதில்: லாட்வியாவின் நாடாளுமன்றம் நீர் மேலாண்மைச் சட்டத்தை 2002 செப்டம்பர் 12 அன்று நிறைவேற்றியது, மறு மாதமே அது நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்நாடு உறுப்பினரானது 2004 மே 1 அன்றுதான் என்றாலும், உறுப்பினராக விரும்பும் நாடு ஒன்றியத்தின் விதிகளை முன்கூட்டியே தன் சட்டமாக்கிக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை இருந்ததால், 2000-ஆம் ஆண்டு ஒன்றியம் பிறப்பித்திருந்த நீர்க் கட்டமைப்பு ஆணையை லாட்வியா இச்சட்டத்தின் வழியாக ஏற்றுக்கொண்டது. நாடு முழுவதும் டவுகவா, கௌயா, லியலுபே, வென்டா என்ற நான்கு ஆறுகளின் பெயரால் நான்கு வடிநில வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது; ஓர் ஆற்றுக்கு மழைநீர் வடிந்து வந்து சேரும் நிலப்பரப்பு முழுவதுமே அதன் வடிநிலம். ஓடை, ஏரி, நிலத்தடி நீர், முகத்துவாரம், கரையோரக் கடல்நீர் என எதுவாயினும் இந்த நான்கில் ஒன்றின் கணக்கில் வந்தாக வேண்டும். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஆறு ஆண்டுகளுக்கு ஒரு முறை மேலாண்மைத் திட்டம் எழுதப்படுகிறது. தற்போது நடப்பில் இருப்பது 2027 வரைக்கான மூன்றாவது சுற்று.

பயன் என்ன என்பதை ஏற்காட்டில் நின்றே விளக்கிவிடலாம். சேர்வராயன் மலையின் தெற்குச் சரிவில் பெய்யும் மழை திருமணிமுத்தாறாகச் சேலம் நகருக்குள் இறங்கி, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியைச் சேர்கிறது. மேற்கே வழியும் நீர் சரபங்காவாக ஓமலூர், எடப்பாடிப் பக்கம் சென்று அதே காவிரியில் கலக்கிறது. வடக்கே இறங்கும் வாணியாறு தருமபுரி மாவட்டத்துக்குள் போய்த் தென்பெண்ணையில் சேர்ந்து கடலூர் அருகே கடலை அடைகிறது. ஆத்தூர் வழியாக ஓடும் வசிஷ்ட நதியோ வெள்ளாற்றைச் சேர்ந்தது. சேலம் மாவட்டமும் அதன் மலையும் ஆட்சியர் அலுவலகக் கோப்பில் ஒரே இடம். நீரின் கணக்கில் மூன்று வடிநிலங்கள். சேலத்தின் கழிவு திருமணிமுத்தாற்றில் இறங்கினால் அதன் நுரை நாமக்கல் மாவட்டத்து விவசாயியின் பாசன வாய்க்காலில் மிதக்கிறது. அவர் மனு கொடுக்கும் ஆட்சியர் ஒருவர், கழிவு புறப்பட்ட இடத்துக்குப் பொறுப்பான ஆட்சியர் மற்றொருவர். வடிநிலமே எல்லையானால் இரண்டு இடங்களும் ஒரே திட்டத்தின் இரு பக்கங்களாகிவிடும்.

நமது நீர்வளத் துறையிலும் வடிநிலக் கோட்டங்கள் இருக்கின்றனவே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இருக்கின்றன. அணை, மதகு, கரை, வாய்க்கால் ஆகியவை அவற்றின் பொறுப்பு. ஆலைக் கழிவு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும், பாதாளச் சாக்கடை மாநகராட்சியிடமும், நிலத்தடி நீர் வேறோர் அலுவலகத்திடமும் இருக்கும்போது, கோட்டத்தின் பெயரில் ஆறு இருப்பதால் மட்டும் ஆற்றுக்குப் பொறுப்பாளி கிடைத்துவிடமாட்டார்.

கேள்வி: ஆறு 'நல்ல நிலையில்' இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறதாம். நல்ல நிலை என்பதை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? (கல்லூரி மாணவி, ஆத்தூர்)

பதில்: இச்சட்டத்தின் உயிர்நாடியைத் தொட்டுவிட்டீர்கள். வழக்கமாக ஆற்று நீரைப் பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள்; அங்கே கரைந்த ஆக்சிஜன், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜனின் அளவு), நைட்ரேட், பாஸ்பரஸ் போன்றவை அளக்கப்படும். லாட்வியாவிலும் இவை அளக்கப்படுகின்றன. ஆனால் பாட்டிலில் பிடித்த நீர் அந்த ஒரு நாளின், அந்த ஒரு வேளையின் நிலையைத்தான் காட்டும். நள்ளிரவில் கழிவைத் திறந்துவிட்டு விடிவதற்குள் மூடிவிடும் பட்டறையை அது காட்டிக்கொடுக்காது.

ஆகவே ஆற்றில் வாழும் உயிர்களைச் சாட்சிக்கு அழைக்கிறது அந்த ஆணை. முழங்காலுக்கு மேல் ஏறிய ரப்பர் காலணியுடன் ஆய்வாளர் ஓடும் நீரில் இறங்கி, கைப்பிடி வலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்துக்கொண்டு, அதற்கு முன்னால் உள்ள கூழாங்கற்களைக் காலால் கிளறுகிறார். கல்லின் அடியில் ஒட்டியிருந்தவை பிடி தளர்ந்து வலைக்குள் வந்து சேர்கின்றன. வலையை வெள்ளைத் தட்டில் கொட்டி இனம் பிரிக்கிறார்கள். குளிர்ந்த, ஆக்சிஜன் நிறைந்த நீரில் மட்டுமே பிழைக்கும் சில ஈக்களின் இளம்புழுக்கள் இருந்தால் ஆறு பல மாதங்களாகவே நலமாக இருந்திருக்கிறது என்று பொருள். சேற்றையும் கழிவையும் தாங்கும் செந்நிறப் புழுக்கள் மட்டும் நெளிந்தால் வேறு விசாரணை வேண்டியதில்லை. இவற்றுடன் கல்லில் படியும் நுண்பாசி, நீர்த்தாவரங்கள், மீன்கள் ஆகியவையும் கணக்கில் சேர்கின்றன.

இவற்றை வைத்து மிக நன்று, நன்று, மிதம், மோசம், மிக மோசம் என்று ஐந்து படிகளில் ஆறு நிறுத்தப்படுகிறது. பள்ளித் தேர்வில் ஒரு பாடத்தில் தவறியவர் மற்றப் பாடங்களில் நூறு வாங்கியிருந்தாலும் தேர்ச்சி இல்லை அல்லவா? அதைப் போல, இந்த உயிரினப் பிரிவுகளில் எது மிகக் கீழே இருக்கிறதோ அதுவே ஆற்றின் படி. சராசரி எடுத்துத் தப்பிக்க வழியில்லை. இது மிகக் கடுமையான விதி என்று ஐரோப்பாவிலேயே பல அரசுகள் முணுமுணுக்கின்றன. எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. மீன் ஏற முடியாத ஆற்றை நுண்பாசி நலமாக இருப்பதற்காக நல்ல ஆறு என்று எழுதினால், பிறகு அந்தப் பட்டியலை யார் நம்புவார்கள்?

கேள்வி: மேலே உள்ளவர்கள் ஒத்துழைக்காவிட்டால் கீழே உள்ளவர்களின் சட்டம் என்ன செய்யும்? காவிரிக்காரர்களான எங்களுக்கு இதுதான் முதல் கேள்வி. (விவசாயி, மேச்சேரி)

பதில்: லாட்வியாவும் ஒரு கடைமடை நாடு என்பதால் தங்கள் கேள்வி அவர்களுக்கு நன்றாகவே புரியும். லியலுபே ஆறு, லித்துவேனியாவிலிருந்து வரும் மூசா, மேமெலே என்ற இரண்டு ஆறுகள் பவுஸ்கா நகரில் கூடுவதால் உண்டாகிறது. லித்துவேனியாவும் ஒன்றியத்தின் உறுப்பினர் என்பதால் அதே ஆணை, அதே ஐந்து படிகள், அதே காலக்கெடு அங்கும் செல்லுபடியாகும். பேச்சுவார்த்தைக்கு ஒரு பொது மொழியாவது இருக்கிறது. டவுகவாவின் கதை வேறு. அது ரஷ்யாவில் பிறந்து, பெலாரூஸ் வழியாக லாட்வியாவுக்குள் வந்து, ரீகா நகரைக் கடந்து கடலில் விழுகிறது. அந்த இரு நாடுகளும் இந்த ஆணைக்கு வெளியே இருப்பவை. 2007 மார்ச்சில் பெலாரூஸில் டீசல் குழாய் உடைந்து, எண்ணெய் உல்லா என்ற துணையாற்றின் வழியாக டவுகவாவில் இறங்கி லாட்வியா வரை மிதந்து வந்தபோது, மிதவைத் தடுப்புகளைக் கட்டி எண்ணெயை அள்ளும் வேலை கீழே இருந்தவர்கள் தலையில்தான் விழுந்தது. உள்நாட்டில் எவ்வளவு நல்ல சட்டம் எழுதினாலும் எல்லைக்கு அப்பால் அது எட்டவில்லை.

ஒன்றை இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். காவிரியில் நம் வழக்கு எவ்வளவு டி.எம்.சி. என்பது. 1990-இல் அமைக்கப்பட்ட நடுவர் மன்றம், 2007-இன் இறுதித் தீர்ப்பு, 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு, அதே ஆண்டில் அமைந்த மேலாண்மை ஆணையம் ஆகிய அனைத்தும் பங்கீட்டைச் சுற்றியே நிற்கின்றன. லாட்வியாவின் சட்டமோ முதன்மையாக ஆற்று நீரின் தரத்தையும் உயிர்ச் சூழலையும் பற்றியது. ஆகையால் மேட்டூருக்கு வரும் தண்ணீரின் அளவுக்கு அதில் விடை தேடினால் ஏமாற்றமே மிஞ்சும்; மேட்டூருக்குக் கீழே நாமே ஆற்றில் எதைச் சேர்க்கிறோம் என்பதற்கு அதில் பாடம் உண்டு.

கேள்வி: இவ்வளவுக்கும் செலவு யாருடையது? (காப்பித் தோட்ட உரிமையாளர், ஏற்காடு)

பதில்: நீரைப் பயன்படுத்துபவரும் மாசுபடுத்துபவரும் கொடுக்க வேண்டும் என்பது கொள்கை. நீர் என்பது மற்றச் சரக்குகளைப் போன்ற வணிகப் பண்டம் அன்று, காத்துப் பேண வேண்டிய மரபுச் செல்வம் என்றே அந்த ஆணை தொடங்குகிறது. ஆனாலும் 2010-க்குள் நீர்க் கட்டணங்கள் உண்மைச் செலவைப் பிரதிபலிக்க வேண்டும் என்றும் அதுவே சொல்கிறது. லாட்வியாவில் நீரை எடுப்பதற்கும் கழிவை ஆற்றில் விடுவதற்கும் இயற்கை வள வரி உண்டு. சிறு நகரங்களின் கழிவுநீர்க் குழாய்களுக்கும் சுத்திகரிப்பு நிலையங்களுக்கும் பெரும் பணம் ஒன்றியத்தின் நிதியிலிருந்தே வந்தது. சுமார் 19 லட்சம் மக்கள் மட்டுமே உள்ள நாடு அது. 2011 கணக்கெடுப்பின்படி சேலம் மாவட்டத்தில் மட்டுமே ஏறத்தாழ 35 லட்சம் பேர். ஆள் குறைவாக இருக்கும் ஊரில் குழாய் போடும் செலவு ஒவ்வொரு வீட்டின் தலையிலும் கனமாக விழும் என்பதால், வெளிநிதி இல்லாமல் அந்தச் சட்டம் தாளிலேயே நின்றிருக்கும் என்பது என் கருத்து.

கேள்வி: 2015-க்குள் எல்லா ஆறுகளும் நல்ல நிலைக்கு வந்துவிட வேண்டும் என்று இலக்கு வைத்தார்களாம். வந்தனவா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், ஓமலூர்)

பதில்: வரவில்லை. கெடு 2021 ஆகி, இப்போது 2027-இல் நிற்கிறது. ஐரோப்பாவின் ஏரி, ஆறு முதலிய மேற்பரப்பு நீர்நிலைகளில் 37 விழுக்காடு மட்டுமே நல்ல அல்லது மிக நல்ல சூழல் நிலையில் இருப்பதாக ஐரோப்பியச் சுற்றுச்சூழல் முகமையின் 2024 அறிக்கை கூறியது.

லாட்வியாவைப் பொறுத்தவரை, காரணங்களில் இரண்டு முக்கியமானவை. முதலாவது, வயலிலிருந்து வருவது. லியலுபே ஓடும் செம்கலே சமவெளி அந்நாட்டின் கோதுமைக் களஞ்சியம். மழை தேங்கும் களிமண் நிலம் என்பதால், வயலுக்கு அடியில் சுட்ட களிமண் குழாய்களைப் பதித்து நீரை வடித்துவிடும் ஏற்பாடு சோவியத் காலத்தில் பெருமளவு செய்யப்பட்டது. பனி உருகும் காலத்தில் உரத்தின் நைட்ரேட்டும் அதே குழாய் வழியாகச் சில நாட்களில் ஓடைக்குப் போய்விடுகிறது. ஆலையென்றால் குழாய் வாயில் நின்று சோதனை செய்யலாம். ஆயிரக்கணக்கான வயல்களின் அடியில் யார் நிற்பது?

இரண்டாவது, அணைகள். டவுகவாவில் ப்ளாவினாஸ், கேகும்ஸ், ரீகா என்ற மூன்று பெரிய நீர்மின் நிலையங்கள் இருப்பதால், கடலிலிருந்து முட்டையிட மேலேறும் சால்மன் மீனுக்கு அந்த வழி மூடிக்கிடக்கிறது. இவற்றை இடிக்கச் சொல்ல முடியாது என்பதால், 'பெரிதும் மாற்றப்பட்ட நீர்நிலை' என்று தனி வகை வைத்து அவற்றுக்குத் தளர்ந்த இலக்கு தர ஆணையே இடம் கொடுக்கிறது. 1990-களில் மின்சாரத்துக்கு அரசு கொடுத்த அதிக விலையை நம்பி, பழைய நீர்வழி மாவாலைகள் இருந்த இடங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு நீர்மின் நிலையங்கள் எழுந்தன. அவற்றின் மின்சாரம் சொற்பம், மீன்களுக்கு இழைத்த தீங்கு பெரிது. குறிப்பிட்ட ஆறுகளில் புதிய அணையே கூடாது என்று 2002-இல் அரசு தடைப்பட்டியல் வெளியிட்டபோது பலவும் ஏற்கெனவே ஓடத் தொடங்கிவிட்டன.

கெடுவை நீட்டிக்கொண்டே போகலாம் என்றால் சட்டம் எதற்கு என்று தாங்கள் கேட்கக்கூடும். நீட்டிப்புக்கும் காரணத்தைத் திட்டத்தில் எழுதி வெளியிட வேண்டும். மேலும், ஜெர்மனியின் வேசர் ஆறு பற்றிய வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2015 ஜூலை 1 அன்று அளித்த தீர்ப்பின்படி, ஆற்றின் ஏதேனும் ஓர் அளவுகோலை ஒரு படி கீழே இறக்கிவிடும் திட்டத்துக்கு, விதிவிலக்கு பெறாத நிலையில், அனுமதியே தரக்கூடாது. மேலே ஏற்ற முடியாவிட்டாலும் கீழே இறங்க விடாதே என்ற இந்தத் தடுப்புக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

கேள்வி: திட்டம் எழுதும்போது மக்களிடம் கருத்துக் கேட்பது கண்துடைப்புத்தானே? (வாசகர், கன்னங்குறிச்சி)

பதில்: பாதி அப்படித்தான். ஆயினும் வரைவுத் திட்டத்தை வெளியிட்டுக் குறைந்தது ஆறு மாதம் கருத்துக்குத் திறந்து வைக்க வேண்டும் என்பது கட்டாயம். ஊர்த் திடலில் ஒரே காலையில் முடிந்துவிடும் கருத்துக்கேட்புக் கூட்டத்துடன் ஒப்பிட்டால், மீனவர் சங்கமும் விவசாயிகள் சங்கமும் ஆவணத்தைப் படித்துப் பதில் எழுத அவகாசம் இருக்கிறது. வட்டாரந்தோறும் அரசுத் துறைகள், உள்ளாட்சிகள், தன்னார்வ அமைப்புகள் உட்காரும் ஆலோசனைக் குழுவும் உண்டு. அதற்கு ஆலோசனை சொல்லும் உரிமை மட்டுமே, உத்தரவிடும் அதிகாரம் இல்லை.

கேள்வி: இதெல்லாம் சேலத்துக்கு வருமா? (பலர்)

பதில்: இந்தியாவில் நதி வாரியச் சட்டம் 1956-லேயே இயற்றப்பட்டது, அதன் கீழ் இன்று வரை ஒரு வாரியமும் அமைக்கப்படவில்லை. 1974-இன் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் நடைமுறையில் ஒவ்வொரு ஆலையாகப் பார்த்து இசைவு தருகிறது. ஒவ்வொரு பட்டறையும் ஏட்டளவில் அளவுக்குள் இருந்தாலும், எல்லாம் சேர்ந்து விழும் ஆறு எப்படி இருக்கிறது என்ற கேள்விக்குத் தனி அலுவலர் எவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. சாயப்பட்டறை, ஜவ்வரிசி ஆலை, வீட்டுச் சாக்கடை என்று மூன்றும் ஒரே ஆற்றில் இறங்கும் நம் ஊரில் இந்த ஓட்டை பெரிது.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-இல் நாடெங்கும் 351 மாசுபட்ட ஆற்றுப் பகுதிகளைப் பட்டியலிட்டது. தமிழ்நாட்டுக்கு அதில் ஆறு இடங்கள். திருமணிமுத்தாறு, சரபங்கா, வசிஷ்ட நதி ஆகிய நம் மூன்றும் அவற்றில் அடக்கம். மூன்றுமே மிக மோசமான முதல் வகையில் வைக்கப்பட்டன. குளிப்பதற்கு உகந்த நீரில் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. முதல் வகை என்றால் 30-க்கும் மேல். அதே ஆண்டு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், இப்பகுதிகளை மீட்க மாநிலந்தோறும் குழு அமைத்துச் செயல்திட்டம் எழுத உத்தரவிட்டது. எனவே லாட்வியாவைப் போன்ற புதிய சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. திருமணிமுத்தாற்றுக்கென்று எழுதப்பட்ட செயல்திட்டம் எது, அதில் எந்த வேலைக்கு எந்தத் தேதி குறிக்கப்பட்டது, தேதி தவறியிருந்தால் காரணம் எங்கே பதிவாகியுள்ளது, நகருக்கு மேலேயும் கீழேயும் எடுத்த நீர் மாதிரிகளின் மாதவாரி அளவுகள் என்ன என்ற நான்கு கேள்விகளைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதலாம். கட்டணம் 10 ரூபாய். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். பதில் பெறும் வாசகர்கள் அதன் நகலை எங்களுக்கும் அனுப்பினால் இதே பகுதியில் வெளியிடுவோம்.