விவாதம் கட்டிய பேழை

கேள்வி: ‘ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆறே நாளில் உலகம் படைக்கப்பட்டது’ என்று அடித்துப் பேசும் அமெரிக்கப் போதகர்களைக் கிழித்துத் தொங்கவிடும் யூடியூப் வீடியோக்களிலேயே என் மகன் மூழ்கிக் கிடக்கிறான். இவற்றால் யாராவது மனம் மாறுவார்களா?
(வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: கைதட்டத் தயாராக வந்தவர்கள்தான் அவற்றை அதிகம் பார்க்கிறார்கள், அம்மா. 2014 பிப்ரவரியில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துப் படைப்பு அருங்காட்சியகத்தில், அறிவியலை எளிமையாகச் சொல்லும் தொலைக்காட்சிப் பிரபலம் பில் நையும் அந்த அருங்காட்சியகத்தின் நிறுவனர் கென் ஹாமும் மோதிய விவாதம் யூடியூபில் நேரலையாக வந்தது. அதைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டரை மணி நேரம். எனக்கு நடுவில் காபி தேவைப்பட்டது. ‘எது உங்கள் கருத்தை மாற்றும்?’ என்று இருவரிடமும் கேட்டார்கள். ஒரே ஒரு சான்று போதும், காலவரிசையில் படிந்த பாறைகளில் ஓர் அடுக்கிலிருந்து இன்னோர் அடுக்குக்கு நீந்திப்போன புதைபடிவத்தைக் காட்டுங்கள் என்றார் நை. கர்த்தருடைய வார்த்தை பொய் என்று யாராலும் தன்னை நம்பவைக்க முடியாது என்றார் ஹாம். ஒரு மாதம்கூட ஆகவில்லை. விவாதத்தால் கிடைத்த விளம்பரம், பைபிளின் பெருவெள்ளக் கதையில் வரும் நோவாவின் பேழையைக் கட்ட வெளியிட்ட கடன்பத்திரங்கள் விற்கக் கைகொடுத்தது என்று அறிவித்தார்! 510 அடி நீளப் பேழை 2016-இல் திறந்தாயிற்று. பிறகு பெருமழையில் அங்கே போகும் சாலையோரம் மண் சரிய, 2019-இல் பேழை நிர்வாகத்தார் காப்பீட்டு நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டார்கள். பேழைக்கே மழையால் சேதமா என்று பகடிக்காரர்களுக்கு விருந்து. பேழைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைச் சொல்லத்தான் பலருக்கு மனம் வரவில்லை.

ஆறு நாள் படைப்பை அப்படியே நம்பும் குடும்பங்களில் பிறந்து, பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படித்து, பின்னர் வெளியே வந்தவர்கள் பேசும் வீடியோக்கள் வேறு ரகம். பழைய பாடப்புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் பேசுகிறார்கள், கத்துவதில்லை. மனம் மாறுகிறவர் யாராவது இருந்தால் அங்கேதான் இருப்பார்.

கேள்வி: இந்தக் கேலியெல்லாம் இணையம் வந்த பிறகு கிளம்பியதுதானே?
(வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: இல்லை. 1925-இலேயே அமெரிக்காவின் டென்னசி மாநிலம் டேட்டனில், பரிணாமம் கற்பித்ததாக ஜான் ஸ்கோப்ஸ் என்ற இளம் ஆசிரியர் மீது வழக்கு நடந்தது. சிகாகோ வானொலி அதை நேரலையாக ஒலிபரப்பியது. பத்திரிகையாளர் எச். எல். மென்கென் அந்த ஊர் ஜனங்களைச் செய்திக்குச் செய்தி வறுத்தெடுத்தார். இன்றைய எந்த யூடியூபரும் அந்தக் காரத்துக்குப் பக்கத்தில் நிற்க முடியாது. ஸ்கோப்ஸுக்கு 100 டாலர் அபராதம். மேல்முறையீட்டில் நடைமுறைக் கோளாறு காரணமாகத் தீர்ப்பு ரத்தானது. மென்கென் 1956-இல் காலமானார். பரிணாமப் பாடத்தைத் தடுத்த சட்டம் 1967 வரை உயிரோடு இருந்தது.